பீலிக்கு மேலே ஒரு காடு

மரநடுகைக்கு வரச்சொல்லி யாராவது செய்தி அனுப்பினால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். இதை வெளியே சொன்னால் நல்ல பெயர் கிடைக்காது. "மரம் நடுறதையும் குறை சொல்ல ஆரம்பிச்சிட்டியா?" என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் சுற்றாடல் தினம் நெருங்கும்போது லொறியில் கன்றுகள் வந்து இறங்கும். ஒரே நிற டீசேர்ட் போட்ட பிள்ளைகள் வேனில் வருவார்கள். துரை (தோட்ட மேலாளர்) கையால் முதல் கன்று, தோட்டத் தலைவர் கையால் இரண்டாவது, பாடசாலை அதிபர் கையால் மூன்றாவது. அப்புறம் போட்டோ, சோற்றுப் பார்சல். அவர்கள் போன பிறகு லஞ்ச் சீட்டுகளைப் பொறுக்குவது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். என் கோபத்துக்கு இந்தக் குப்பைதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போடாமல், நல்ல மனதோடு வந்து போகிற குழுக்களைப் பார்த்தாலும் அதே எரிச்சல் வந்தது. அப்படியென்றால் வேறு ஏதோ உறுத்துகிறது. அது என்ன என்று எனக்கே விளங்கக் கொஞ்சம் காலம் பிடித்தது.

எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், மேல் டிவிசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, மேலே தண்ணீர் பிடிக்கிற பீலி, பீலிக்கு மேலே தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில், இரண்டு சரிவுகள் வந்து சேரும் பள்ளத்தில், ஒரு துண்டுக் காடு இருக்கிறது. கன்று நட முடியாத செங்குத்து என்பதால் வெள்ளைக்காரன் விட்டுவைத்தது. அங்கே ஊறுகிற தண்ணீர்தான் குழாய் வழியாகப் பீலிக்கு வருகிறது. மிச்சம் ஓடையாக இறங்கிக் கெசல்கமு ஓயாவில் சேர்ந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கிருந்து விமலசுரேந்திர, நோர்ட்டன், லக்சபான என்று மின்சாரம் எடுத்து முடித்த தண்ணீர் களனி ஆறாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களில் வருகிறது. எங்கள் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துவிட்டுக் குடிக்கிற தண்ணீரில் எங்கள் பீலித் தண்ணீரும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இலங்கை சின்னத் தீவு. அதற்குள் மத்திய மலைநாடு குளிருக்கும் மேகத்துக்கும் பழகிய உயிர்களின் இன்னொரு தீவு. கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தபோது அந்தத் தீவு சில்லுச்சில்லாக உடைந்தது. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே காடு வெட்டுவதை நிறுத்தச்சொல்லி ஆலோசனை கொடுத்தார். ஹோட்டன் சமவெளி போன்ற உயரமான இடங்கள் தப்பியதில் அதற்கும் பங்குண்டு. இன்றைக்கு ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் வராத துண்டுகள் எத்தனையோ தோட்டங்களுக்குள் கிடக்கின்றன. எங்கள் பள்ளத்துக் காட்டுக்குப் பலகை கிடையாது, வேலி கிடையாது, வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது.

பெயர் இல்லாததால் அது ஒன்றுமில்லாத இடம் ஆகிவிடாது. சிவனொளிபாத மலைக்காட்டில் 2009இல் ஒரு மரத்தவளை கண்ணில்பட்டது. 1853இல் பதிவான பிறகு யாருமே பார்க்காததால் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்த இனம். இந்த மலைகளின் தவளைகளில் பல அப்படித்தான், ஒரு மலையில் இருப்பது அடுத்த மலையில் இருக்காது. காசல்ரீயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வைத்த தானியங்கிக் கமராக்களில் சிறுத்தைகள் பதிவாகியிருக்கின்றன. பெரிய காட்டிலிருந்து பெரிய காட்டுக்குப் போக அவற்றுக்கு எங்களுடையதைப் போன்ற துண்டுகள்தான் வழி. எங்கள் ஆட்களுக்கு இதைக் கமரா வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துக்குப் போகிறவர்களைக் கேட்டால், நேற்று புலி (சிறுத்தையை அப்படித்தான் சொல்வோம்) எந்த மலையில் நின்றது என்று சொல்வார்கள்.

கருகிய கன்றுகள்

ஒரு வருடம் கொழும்பிலிருந்து வந்தது நல்ல குழு. முன்கூட்டியே பேசி, எங்கள் டிவிசன் இளைஞர் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு, கை கொப்பளிக்கக் குழி வெட்டினார்கள். ஓடைக்கரை என்பதால் கும்புக் (மருத மரம்) கன்றுகள் கொண்டுவந்திருந்தார்கள், கொஞ்சம் மகோகனியும் இருந்தது. கும்புக் ஆற்றங்கரை மரம்தான். ஆனால் அது கீழ்நாட்டு ஆறுகளின், வெயில் அடிக்கிற கரைகளின் மரம். எங்கள் பள்ளத்தில் ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர் காற்று கீழே இறங்கி அப்படியே தங்கிவிடும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். நுவரெலியாவில் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், செய்தியில் காட்டுவார்கள். எங்களுக்கு அது கொழுந்து கருகி, கிலோ குறைந்து, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுகிற மாதம்.

பெப்ரவரியில் கொழும்பிலிருந்து கேட்டார்கள்: கன்றுகள் எப்படி இருக்கின்றன, போட்டோ அனுப்ப முடியுமா? சங்கத்துப் பையன்களோடு நானும் மேலே போனேன். பனியில் கருகிய குச்சிகள் வரிசையாக நின்றன. கருகாமல் மிஞ்சியவற்றைப் புல்லுக்குள் தேட வேண்டியிருந்தது. அவற்றிலும் பல அடியோடு அறுபட்டிருந்தன, சுத்தமான கத்தி வெட்டு. அங்கேயே கொஞ்சம் கீழே, புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார் எங்கள் லயத்துப் பெரியம்மா. வயது முடிந்து தோட்ட வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டியாகிவிட்டது. இரண்டு மாடு வைத்திருக்கிறார். மாட்டுக்குப் புல் அந்த ஓடைக்கரையில்தான்.

பையன்களில் ஒருத்தன் சூடாகவே கேட்டான்: "பெரியம்மா, கன்னையெல்லாம் நீங்கதானா அறுத்தது?"

அவர் புல்லுக்கட்டைக் கீழே போட்டார். "ஆளு ஒசரத்துக்குப் புல்லு. உள்ள வெரல் தண்டி குச்சி நின்னா எனக்கு எப்படித் தம்பி தெரியும்? நட்டவங்க ஒரு தடவ வந்து புல்லு வெட்டியிருந்தா நான் எதுக்கு இங்க வாறேன்?"

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்புறம் அவர், கோபம் தணிந்தோ தணியாமலோ, எங்களைக் காட்டு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓரத்தில் போவிட்டியாப் புதர்கள் மண்டிக் கிடந்தன. ஊதாப்பூச் செடி, எல்லாத் தோட்டத்திலும் இருப்பது. ஒரு புதரைக் கையால் விலக்கி, "இத யாரு நட்டா?" என்று கேட்டார். உள்ளே முழங்கால் உயரத்தில் தம்பக் கன்றுகள், கீனா ஒன்று, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத நாலைந்து. எல்லாம் பச்சை பசேலென்று நின்றன, ஓர் இலைகூடக் கருகவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பெயர் இருந்தது. பாதி சிங்களப் பெயர், பாதி அவருடைய மாமியார் காலத்துப் பெயர். அடையாளம் கேட்டால் இலையைப் பற்றிச் சொல்ல மாட்டார், அடுப்பைப் பற்றிச் சொல்வார். இது நின்று எரியும், இது புகையும், இது வெடிக்கும், பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்கக் கூடாது.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் திரும்பியது. புதரில் வந்து உட்கார்கிற கொண்டைக்குருவி எச்சம் போடுகிறது, விதை விழுகிறது. வெட்டவெளியில் கன்றைக் கொல்லும் பனியும் வெயிலும் புதருக்குள் குறைவு. நாங்கள் 'பற்றை' என்று வெட்டித் தள்ளுகிற செடிதான் அங்கே தாய் வேலை பார்க்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமால், சாவித்திரி குணதிலக்க இருவரும் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பைனஸ் (வெளிநாட்டு ஊசியிலை மரம்) தோட்டத்தை வைத்து இதையே காட்டியிருக்கிறார்கள். பைனஸை முழுக்க அழிக்காமல், சில வரிசைகளை மட்டும் எடுத்து வெளிச்சத்துக்கு வழிவிட்டு, மிச்சத்தின் நிழலில் நாட்டு மரக்கன்றுகளை வைத்தபோது அவை நன்றாக வந்தன. மூன்று வரிசை எடுத்த இடத்தில் வளர்ச்சி சிறப்பாக இருந்தது என்று 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் திட்டுகிற பைனஸ்கூட, கையாளத் தெரிந்தால் நிழல் தரும். பெரியம்மா அதைப் படித்திருக்க வழியில்லை, புதரை விலக்கிப் பார்த்திருக்கிறார்.

புல்லும் கம்பியும்

அதற்குப் பிறகு சங்கம் நடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் செய்வதெல்லாம் போட்டோவுக்கு ஆகாத வேலை. கவ்வாத்து முடிந்த மலையில் மிலாறு (வெட்டி விழுந்த தேயிலைக் குச்சி) பொறுக்கி, நுனியில் சுண்ணாம்பு பூசி, தானாக முளைத்த ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒன்று குத்துகிறார்கள். வெள்ளை நுனி தெரிந்தால் புல் அறுக்கிறவர்கள் சுற்றி அறுப்பார்கள். மாட்டுக்குப் புல்லும் ஆயிற்று, கன்றுக்கு மூச்சும் ஆயிற்று. மானாப் புல்லை மாடு தொடாது, அதை ஆட்கள்தான் வெட்ட வேண்டும். பாதையில் முளைத்து மிதிபடப்போகிற கன்றுகளைப் பெயர்த்து, பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) பின்னால் ஒரு சின்ன நாற்றுத் தவறணையில் வைத்திருக்கிறார்கள். வறட்சி தொடங்கும் முன் காட்டைச் சுற்றி ஒரு பாகம் (இரண்டு கை விரித்த) அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீ தாண்டாமல் கோடு போடுவார்கள். மானாப் புல்லில் தீ பிடித்தால் ஒரு மலை ஏறக் கால் மணி நேரம் போதும்.

அப்புறம் கம்பி. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிடுகிறது, இறைச்சிக்கும் ஆசை, கம்பி மலிவு. பன்றிக்கு வைக்கிற சுருக்கு ஆள் பார்த்து மாட்டாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியதை எல்லாரும் செய்தியில் பார்த்தோம். உயிரோடு மீட்டு உடவளவைக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், அங்கே செத்துப்போனது. எங்கள் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டு ஓரம் நடந்து கம்பிகளை அவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள். வைத்தவர் யார் என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து லயம், சில நேரம் சொந்தக்காரர். அடுத்த நாள் அதே ஆளோடு ஒரே மலையில் வேலை செய்ய வேண்டும். வேனில் வந்து போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கீழே கெசல்கமு ஓயாவில் இரவில் மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் விஷயத்தில் சங்கத்தால் ஒன்றும் முடியவில்லை. கரை இடிந்து ஓயா பழுப்பாக ஓடுகிறது. பெயர் சொன்னவன் வீட்டுக்கு முதலில் வருவது அவர்கள்தான்.

இந்த வேலைக்கு முடிவு கிடையாது என்பதுதான் அதில் உள்ள கஷ்டம். ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கிற உலெக்ஸ் முட்செடியைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக்காரர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. வனசீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து தொண்டர்கள் அதைப் பிடுங்குகிறார்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும். வேரோடு எடுத்தாலும் மண்ணில் விழுந்த விதை பல பத்தாண்டு உறங்கிவிட்டு முளைக்கும். இந்த ஞாயிறு பிடுங்கியது கணக்கில் சேர வேண்டுமானால் அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் யாராவது வர வேண்டும். நடுவது ஒரு நாள் வேலை. காவல் இருப்பது ஒரு தலைமுறை வேலை.

அரைப் பேர்

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். 2022இல் கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது தோட்டத்து ஆட்கள் விறகுக்குக் காட்டுக்குள் போனார்கள். போகாமல் எப்படி? அந்த வருடம் ஒரு கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், "காட்டின் முதல் எதிரி தோட்ட மக்கள்தான்" என்று பேசினார். நல்ல படித்த மனிதர். ஒரு மலைநாட்டையே மொட்டையடித்து உலகத்துக்குத் தேத்தண்ணீர் கொடுத்த முதலீடு அவர் கணக்கில் வரவில்லை, மிலாறு தீர்ந்து காய்ந்த கிளை பொறுக்கியவள் வந்துவிட்டாள். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. நிலம் அரசுடையது, குத்தகை 2045 வரை. ஆக அந்தப் பள்ளத்துக் காடு அரசுக்குச் சொந்தம், கம்பனியின் பொறுப்பு, கன்றுக்குக் குச்சி குத்துவது பெரியம்மாவும் பையன்களும். ஏற்றுமதிச் சான்றிதழுக்காகப் பார்வையிட வருகிறவர்களிடம் 'பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி' என்று அந்தக் காட்டைத்தான் காட்டுகிறார்கள். மரநடுகைக் குழுவின் ஆண்டறிக்கையிலும் அதே காடு வருகிறது. தேயிலைக்குள் புல் எடுத்தால் ஒரு பேர். நூறு அடி மேலே போய்க் காட்டோரத்தில் அதே புல்லை அதே கத்தியால் எடுத்தால் அது தொண்டு.

கொழும்புப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து எடுக்கிறவளின் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றில்லை. அந்த ஒரு நாளில்தான் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும், பிள்ளைக்கு மருந்து எடுக்க வேண்டும். அதிலிருந்து அரை நாளைக் காட்டுக்குக் கொடு என்று கேட்பது பெரிய கேள்வி, சும்மா கேட்டுவிட்டுப் போகக் கூடாது. எனக்கு உறுத்தியது இதுதான். கன்றுக்குப் பணம் இருக்கிறது, டீசேர்ட்டுக்கு இருக்கிறது, வேனுக்கும் பார்சலுக்கும் இருக்கிறது. அந்தக் கன்று உயிர் பிழைப்பதற்கான ஒரே வேலைக்கு மட்டும் பணம் இல்லை. அதைச் செய்கிறவர்களுக்கு நல்ல மனசு இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள்.

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த முறை கன்றோடு வருகிற குழுவிடம், கன்று வேண்டாம், மாதத்தில் இரண்டு நாள் புல் வெட்டும் பெண்களுக்கு அரைப் பேராவது போடுங்கள் என்று கேட்போம் என்றேன். பையன்களுக்குப் பிடிக்கவில்லை. "காசு வந்தா கணக்கு வரும் அண்ணே, கணக்கு வந்தா சண்டை வரும்" என்றான் செயலாளர். இன்னொருத்தன், இப்போது நம்ம காடு என்று செய்கிறார்கள், கூலி கொடுத்தால் கம்பனி வேலை மாதிரி ஆகிவிடும் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காசு நின்ற அன்றைக்கே வேலையும் நின்றுபோன திட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 'நம்ம காடு' என்று சொல்கிற எங்களில் யாருக்கும் அங்கே ஒரு பேர்ச் நிலம் கிடையாது. வீட்டுத் திட்டத்தில் கொடுக்கிற சில பேர்ச்சுக்கே இன்னும் பெரும்பாலான லயங்கள் காத்துக்கிடக்கின்றன.

கடைசியில் என் பிடிவாதத்துக்காகக் கொழும்புக் குழுவுக்கு எழுதினோம். மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். நிதி கொடுக்கிறவர்களின் விதிப்படி கன்று, கருவி, போக்குவரத்து, உணவு எல்லாவற்றுக்கும் இடமுண்டு, கூலிக்குத் தலைப்பு இல்லை. வேண்டுமானால் புல் வெட்டும் கத்திகள் வாங்கித் தரலாம். கத்தி வந்தது. நல்ல கத்திகள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பெரியம்மாவிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லி, அரைப் பேர் கிடைத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "காசு வேணாம் தம்பி. மாட்டுக் கொட்டில எடுக்கச் சொல்லி மூணாவது தடவையா சொல்லிட்டாங்க. அத எடுக்காம இருக்கச் சொல்லுங்க, மாடு இருக்கிற வரைக்கும் நான் புல்லுக்கு அங்கதானே வருவேன்" என்றார். லயத்து ஓரத்தில் தகரம் போட்ட சின்னக் கொட்டில்தான். தலைவரிடம் சொன்னோம். அவர் துரையிடம் பேசினார். மேலே கேட்க வேண்டும் என்றாராம் துரை. கொட்டிலையும் காட்டையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிக் கொடுக்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சான்றிதழ்க்காரர்கள் அடுத்து எப்போது வருவார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் கொடுத்தால் யாராவது வாசிப்பார்கள்.